பிரிந்துபோன சிநேகிதர்களை ஓவியமாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உருவ ஓவியம் பழக வருகிறவர்களில் பலர் கொஞ்சம் கை பழகியதும் ஒரே ஆசையோடு வந்து நிற்கிறார்கள்: தொலைந்துபோன ஒரு சிநேகிதரைக் கீறவேண்டும். வெளிநாடு போனவர், கோபித்துப் பிரிந்தவர், இறந்தவர், என்ன ஆனார் என்றே தெரியாதவர் என்று ஆட்கள் வேறு. சந்தேகங்கள் மட்டும் ஒன்றுதான். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். பென்சிலால் ஒரு முகத்தை ஓரளவு கீறத் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது இது.

போர்ட்ரெயிற் கீறுறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ஆள் ஆளாத்தானே வரவேணும்?

ஆள் ஆளாக வருவது நல்லது. ஆனால் சிநேகிதம் முகத்தில் இருப்பதில்லை. இரண்டு பேருக்கு நடுவில் எவ்வளவு இடம், யார் யார் பக்கம் சாய்கிறார், யார் எங்கே பார்க்கிறார், பாரத்தை யார் சுமக்கிறார் என்பதில் இருக்கிறது. அதனால் முதலில் தீர்மானிக்கவேண்டியது அந்த இடைவெளியை. ஒருவரை மட்டும் கீறினாலும் மற்றவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பது தெரியவேண்டும். பார்வையின் உயரமும் தூரமும் அதைச் சொல்லிவிடும்.

இதைத் தலையின் உயரத்தால் அளக்கலாம். வளர்ந்த இருவர் தோளோடு தோள் முட்ட நின்றால், தலையின் நடுவிலிருந்து மற்றத் தலையின் நடுவுக்கு ஏறக்குறைய இரண்டு தலை உயரம் வரும். தோளில் கைபோட்டால் ஒன்றரை. மூன்றாக்கினால் நடுவில் வெறும் இடம் தெரியத் தொடங்கும். நாலைத் தாண்டினால் கண் அவர்களைத் தனித்தனி ஆட்களாக எண்ணிவிடும். சைக்கிள் பாரில் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகிறபோது இரண்டு தலைக்கும் நடுவில் ஒரு தலை இடம்கூட இராது. யாழ்ப்பாணத்துச் சிநேகிதங்களில் பாதி அந்த நெருக்கத்தில் வளர்ந்தவை என்பதால், அந்த அமைப்பைக் கீறிப் பழகுவது வீண்போகாது.

முதல்ல எதில தொடங்கிறது? நேர கன்வஸில கீறலாமோ?

வேண்டாம். ஒரு கொப்பியில் அந்தச் சிநேகிதம் நடந்த ஒரேயொரு இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள்: மதவில் பின்னேரம், ரியூட்டரி வாங்கில் காலமை, வாசிகசாலைப் படியில் மழைக்கு ஒதுங்கியபோது. “எங்கட பள்ளிக்காலம்” என்று எழுதினால் அதை ஒருவராலும் கீறமுடியாது.

பிறகு 6 × 8 சென்ரிமீற்றர் அளவில் ஒன்பது சின்னக் கட்டங்கள் கீறி, ஒவ்வொன்றிலும் அதே இருவரை வேறு தூரத்தில், வேறு உயரத்தில் போடுங்கள். முகம் வேண்டாம்; தலை, தோள், இடுப்பு, கை போதும். கறுப்பு, சாம்பல், வெள்ளை என மூன்று தொனிக்கு மேல் போகாதீர்கள். எட்டடி தள்ளி வைத்துப் பார்த்து, எது அந்த இருவரையும் உடனே ஞாபகப்படுத்துகிறதோ அதை எடுங்கள். பெரும்பாலும் முதல் மூன்றில் அது இருக்காது, ஏனென்றால் முதலில் வருவது எங்கேயோ பார்த்த படங்களின் அமைப்பு.

ஒயில் பெயின்ற் நல்லதோ, அக்ரிலிக் நல்லதோ?

எங்கள் வெக்கையில், அதுவும் மின்விசிறிக்குக் கீழே, அக்ரிலிக் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். கன்னத்திலிருந்து கழுத்துக்கு மெல்ல இறங்கும் நிழலை அதற்குள் முடிப்பது கஷ்டம். காய்ந்தபின் நிறம் சற்றுக் கருமையாவதால் நேற்றுக் கலந்த தோல் நிறத்தை இன்று பொருத்துவதும் தலையிடி. ஈரமான ஸ்பொஞ்சின் மேல் கேக் சுடும் பேக்கிங் பேப்பர் விரித்து, அதை நிறத்தட்டாகப் பாவித்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

முகங்களுக்கு ஒயில்தான் எங்கள் தெரிவு. செலவையும் நேரத்தையும் குறைக்க, அடிப்படை நிழல்களை அக்ரிலிக்கில் மெல்லியதாகப் போட்டு, காய்ந்தபின் மேலே ஒயிலில் முடிக்கலாம். ஒயிலுக்கு மேலே அக்ரிலிக் பூசக்கூடாது, ஒட்டாமல் உரிந்துவிடும். ஒயிலிலும் முதல் அடுக்கு டர்பன்டைன் கலந்து மெலிதாக, மேல் அடுக்குகள் லின்சீட் எண்ணெய் சற்றுக் கூடியதாக இருக்கவேண்டும். மாறிப்போனால் கீழடுக்கு பிந்திக் காய்ந்து அசைய, மேலடுக்கு வெடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் கூடைக்குள் எறியாதீர்கள். காயும்போது அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள். அறை ஜன்னல்களையும் திறந்து வையுங்கள்.

கன்வஸ் என்ன அளவு எடுக்கிறது? நாங்களே அடிக்கலாமோ?

வளர்ந்தவரின் தலை உண்மையில் 22, 23 சென்ரிமீற்றர். படத்தில் அதே அளவில் கீறினால் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். 18 முதல் 20 வரை வைத்தால் இயல்பாக இருக்கும். இருவரை முழங்கால்வரை இருத்திக் கீற, தலையை 11 சென்ரிமீற்றராக்கி, 75 × 90 சென்ரிமீற்றர் கன்வஸ் எடுங்கள். தலை ஐந்துக்குக் கீழே போனால் கன்வஸின் இழையே கண்ணையும் வாயையும் தின்றுவிடும்.

சட்டத்துக்கு மரக்காலையில் நன்றாகக் காய்ந்த, நேரான 2 × 1 அங்குல மரம் கேளுங்கள். பனஞ்சலாகை பாரம், ஸ்டேப்பிள் பின்னும் இலகுவில் இறங்காது. துணியில் படும் உள்விளிம்பைச் சீவிச் சரிக்கச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் சட்டத்தின் கோடு ஓவியத்தில் பதியும். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து சமமென்று பார்த்தபின், ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலிருந்து மூலையை நோக்கி அடித்துக்கொண்டு போங்கள். 90 சென்ரிமீற்றரைத் தாண்டினால் நடுவில் குறுக்குச் சட்டம் கட்டாயம். ஜெசோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மூன்று தரம், ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 இலக்க அரத்தாளால் மெல்லத் தேய்ப்பு. ஜெசோவுக்குப் பதிலாகச் சுவர் எமல்ஷன் பூசும் பழக்கம் இங்கே உண்டு. சுவர் பூச்சு தூளாகி உதிரக்கூடியது. மேலேயுள்ள ஒயிலையும் கூட்டிக்கொண்டு போகும்.

என்னட்ட இருக்கிறது பாஸ்போட் சைஸ் படம் ஒண்டுதான். அதைப் பெருப்பிக்கலாமோ?

தாராளமாக. 35 × 45 மில்லிமீற்றர் படத்தை 600 அல்லது 1200 டிபிஐயில் ஸ்கான் செய்து பெரிதாக அச்செடுங்கள். மூலப்படத்தில் கோடு போடாதீர்கள். அச்சில், மூலப்படத்தின் 5 மில்லிமீற்றருக்கு ஒன்றாகக் கட்டங்கள் போட்டால் குறுக்கே 7, மேலிருந்து கீழே 9 வரும். கண், மூக்கு, வாய் உள்ள பகுதியில் மட்டும் கட்டத்தைப் பாதியாக்குங்கள்.

தவறு நடப்பது அடுத்த படியில். கணக்குச் சுலபமென்று கன்வஸில் 5 சென்ரிமீற்றர் கட்டம் போடுவார்கள். பாஸ்போட் படத்தில் தலை ஏறக்குறைய 32 மில்லிமீற்றர். பத்து மடங்கில் அது 32 சென்ரிமீற்றராகி, தேர்தல் கட்அவுட் போல வந்து நிற்கும். 3 சென்ரிமீற்றர் கட்டம் போட்டால் தலை 19 வரும். அதுதான் வேண்டும்.

ஸ்ரூடியோக்காரர் அந்தக் காலத்தில் நெகட்டிவில் பென்சிலால் தொட்டுச் சரிசெய்வது வழக்கம். மச்சமும் தழும்பும் கண்ணடிக் கோடும் அப்படிப் போயிருக்கலாம். தெரிந்தவர்களிடம் கேட்டு அவற்றைத் திருப்பிப் போடுங்கள்.

படம் பிரேம் கண்ணாடியோட ஒட்டிப்போச்சு. மற்றது ஒண்டு முழுக்கச் சிவந்துபோச்சு. என்ன செய்யலாம்?

ஒட்டியதை உரிக்கவேண்டாம், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே ஸ்கான் செய்யுங்கள். தொலைபேசியில் எடுப்பதானால் விறாந்தை நிழலில், பிளாஷ் இல்லாமல், இரண்டு மடங்கு சூமில், படத்துக்கு நேரே நின்று எடுங்கள். கிட்டப்போய் எடுத்தால் ஓரங்கள் வளையும்.

எழுபது, எண்பதுகளின் கலர் படங்கள் சிவப்பது அவற்றிலுள்ள நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால். அந்தப் படத்தின் நிறத்தை நம்பாதீர்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றி, வெளிச்சம் இருள் மட்டும் எடுத்துக்கொண்டு, நிறத்தை உயிருள்ள ஒருவரின் தோலைப் பார்த்துப் போடுங்கள்.

இடம்பெயரேக்க எல்லாம் போச்சு. அவன்ர படம் ஒண்டுகூட இல்லை. இனி என்னெண்டு கீறுறது?

எங்களிடம் அதிகம் வரும் கேள்வி இது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களில் எத்தனை பேர் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்? தொடங்குமுன் ஒருமுறை தேடிப் பாருங்கள். உங்களிடம் இல்லாத படம் வேறொருவரின் கல்யாண அல்பத்தில், சாமத்திய வீட்டு வீடியோவில், ரொறன்ரோவில் இருக்கும் வகுப்புத் தோழரின் குழுப்படத்தில் இருக்கலாம். நூலகம் இணையத்தளத்தில் பழைய பாடசாலை மலர்கள் பல எண்ணிமமாக்கப்பட்டுள்ளன. அச்சுப்படத்தில் முகம் புள்ளி புள்ளியாக இருந்தால் சற்றே மங்கலாக்கி, தள்ளி வைத்துப் பாருங்கள். தலையின் வடிவம் எழும்பி வரும்.

ஒன்றுமே கிடைக்காவிட்டால் முகத்தை விட்டு இடத்திலிருந்து தொடங்குங்கள். அவரும் நீங்களும் இருந்த இடத்தின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறுங்கள்: படலை எங்கே, கிணறு எங்கே, அவர் எந்தப் பக்கம் இருப்பார், வெயில் எங்கிருந்து விழும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட கலைநூலொன்று, இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறிய இப்படியான தரைப்படங்களின் மேல் எழுந்ததுதான். இடம் சரியாக அமர்ந்தால் உடம்பு வரும்: உங்கள் காதளவோ தோளளவோ உயரம், எந்தக் கையால் எழுதுவார், நிற்கும்போது எந்தக் காலில் பாரம், உச்சி எந்தப் பக்கம். அவரை முன்னால் நின்று பார்த்த ஞாபகத்தில் இடம் வலம் மாறிவிடும், கவனம்.

பிறகு அவரைத் தெரிந்தவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லாரையும் ஒன்றாக இருத்தினால் உரத்துப் பேசுகிறவரின் ஞாபகம் எல்லாருடையதும் ஆகிவிடும். “மூக்கு எப்படி?” என்று கேட்டால் பதில் வராது. “என்ர மூக்கைவிட அகலமோ, ஒடுக்கமோ?” என்று கேளுங்கள். அரைகுறை வரைபை இடையில் காட்டவும் வேண்டாம். பார்த்தவருக்கு அதன்பின் உங்கள் படம்தான் ஞாபகம் வரும். கூடப்பிறந்தவரோ பிள்ளையோ இருந்தால் இருத்தி, நெற்றி, தாடை, காது ஆகிய எலும்பமைப்பை மட்டும் எடுங்கள். பிக்காசோவின் சிநேகிதர் காசகேமாஸ் 1901 பெப்ரவரியில் பாரிஸில் தற்கொலை செய்தபோது பிக்காசோ அங்கே இல்லை. ஆனாலும் அந்த வருடமே அவருடைய இறந்த முகத்தைத் திரும்பத் திரும்பக் கீறினார். கண்ணால் காணாததைக் கீறுவது பொய் என்று தயங்குகிறவர்கள் அந்தப் படங்களைப் பார்க்கவேண்டும்.

முகம் நல்லா ஞாபகம் இருக்கு. கீறினா வேற ஆள் மாதிரி வருது. எங்க பிழைக்குது?

அநேகமாகக் கண்ணிலிருந்து தொடங்கியிருப்பீர்கள். தூரத்தில் வரும் ஒருவரை நாம் அடையாளம் காண்பது தலையின் வடிவம், மயிர்க்கோடு, கழுத்து தோளில் இறங்கும் சரிவு ஆகியவற்றால். அவை பிழைத்தால் எவ்வளவு அழகான கண்ணும் உதவாது. வரைபைத் தலைகீழாக்கியும் கண்ணாடியில் காட்டியும் பாருங்கள். பிறகு இந்த ஒழுங்கில் சோதியுங்கள்: தலையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், மயிர்க்கோடு, இரு கண்களின் சரிவு, மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் நடுவிலுள்ள தூரம், தாடை. நாலாவதில் இரண்டு மில்லிமீற்றர் பிழைத்தாலே ஆள் மாறிவிடும்.

இன்னொரு காரணம் தொலைபேசிப் படம். கையெட்டும் தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு பெருத்துக் காது பின்னுக்குப் போகும். ஆறடி தள்ளி நின்று எடுத்த படத்தோடு ஒப்பிடாமல் அதை அப்படியே கீறவேண்டாம்.

அவள் இருந்தா இப்ப அம்பது வயது. எந்த வயதில கீறுறது?

நீங்கள் கடைசியாகப் பார்த்த வயதில். வயதாக்கிக் கீறுவதும் முடியும், ஆனால் அது ஊகம். பார்க்கிற வீட்டாரைக் குழப்பும். ஒரு வழி பலருக்குப் பலித்திருக்கிறது: உங்களை இப்போதைய வயதிலும், அவரைக் கடைசியாகக் கண்ட வயதிலும் ஒரே வாங்கில் இருத்துவது. பிரிந்திருந்த காலம் முழுவதும் அந்த வித்தியாசத்திலேயே தெரிந்துவிடும்.

அப்படிச் செய்யும்போது விகிதம் பிசகக்கூடாது. வளர்ந்தவர் ஏழு முதல் ஏழரை தலை உயரம். பத்து வயதுப் பிள்ளை ஆறு, ஆறரை. வளர்ந்தவரின் கண்கோடு தலையின் சரிபாதியில் வரும். சின்னப் பிள்ளைக்கு அது பாதிக்குக் கீழே, மூக்கும் தாடையும் குறுகியிருக்கும். வளர்ந்த ஆளைச் சின்னதாக்கிக் கீறினால் அது பிள்ளையாகாது, குள்ளமான பெரியவராகத்தான் வரும்.

தோல் நிறம் சாம்பல் பூத்தமாதிரி வருது. ஏன்?

வெளிச்சத்துக்கு வெள்ளையும் நிழலுக்குக் கறுப்பும் கலப்பதால். டைட்டேனியம் வெள்ளை பலமானது, குளிர்ந்தது. எங்கள் தோலின் சூட்டைக் கொன்றுவிடும். அடிநிறமாக பேர்ண்ட் சியன்னா இரண்டு பங்கு, எல்லோ ஓக்கர் ஒரு பங்கு, அல்ட்ராமரின் நீலம் தூரிகை நுனியளவு எடுங்கள். வெளிச்சம் கூட்ட முதலில் ஓக்கரும் கொஞ்சம் காட்மியம் சிவப்பும், கடைசியாகத்தான் வெள்ளை. நிழலுக்கு பேர்ண்ட் அம்பரும் அல்ட்ராமரினும், கழுத்தடியில் ஒரு துளி கிரிம்சனும். பழைய வகை அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் மங்கும். ரியூப்பில் ‘பெர்மனன்ட்’ என்று போட்டதை வாங்குங்கள்.

கருமையான தோலில் வானம் நீலமாகத் தெறிக்கும். நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் விழும் ஒளிப்பொட்டுக்கு வெள்ளையோடு நீலம் துளி சேர்த்தால் தோல் உடனே உயிர்பெறும். காது, மூக்கு நுனி, கன்னம் மற்ற இடங்களைவிடச் சிவப்பு. மேலுதடு கீழே பார்ப்பதால் கீழுதட்டைவிட இருண்டது. கண்வெள்ளையையும் பல்லையும் சுத்த வெள்ளையில் போடாதீர்கள். அவை சாம்பல் கலந்த மண்ணிறம்.

வடக்கு ஜன்னல் வெளிச்சம் மாறாது எண்டு படிச்சன். எங்கட வீட்டில வெயில் வருதே?

அந்த விதி ஐரோப்பாவுக்கு உரியது. யாழ்ப்பாணம் 9.7 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலும், மற்ற மாதங்களில் வடக்கு ஜன்னலும் பாவியுங்கள். சோளகம் வீசும்போது தெற்கு, மேற்கு ஜன்னல்களால் தூசி வந்து ஈரப் பெயின்ற்றில் ஒட்டும். மெல்லிய வெள்ளைத் துணி கட்டிவிடலாம்.

நாங்க ரெண்டுபேரும் நிக்கிற படம் இல்லை. தனித்தனிப் படங்களைச் சேர்த்துக் கீறலாமோ?

சேர்க்கலாம், மூன்று விடயம் ஒத்துவந்தால். முதலாவது பார்வை மட்டம்: ஒரு படத்தில் நாடியின் அடி தெரிந்து மற்றதில் உச்சந்தலை தெரிந்தால் இருவரும் ஒரே நிலத்தில் நிற்கமாட்டார்கள். இரண்டாவது, வெளிச்சம் விழும் பக்கம். மூன்றாவது, கமெரா நின்ற தூரம். மேலே சொன்ன செல்ஃபிப் பிரச்சினைதான் இங்கேயும்.

ஒத்துவராவிட்டால் வீட்டில் இருவரைப் பிடித்து வேண்டிய அமைப்பில் இருத்தி, ஒரே விளக்கை 45 பாகையில் வைத்துப் படமெடுத்து, உடம்பையும் நிழலையும் அதிலிருந்து எடுங்கள். பழைய படம் முகத்துக்கு மட்டும். பிளாஷில் எடுத்த படங்களில் முகம் தட்டையாகி நிழலே இராது என்பதால் இந்த வேலை அநேகமாகத் தேவைப்படும். முகத்தை வெட்டி ஒட்டியதுபோல் இருந்தால், கழுத்தின் நிழலும் சேட் கொலரின் நிழலும் ஒரே திசையில் விழுகின்றனவா என்று பாருங்கள். பிழை அங்கேதான் இருக்கும்.

ஜாம் போத்தல் விளக்கில படிச்ச காலத்தைக் கீற வேணும். அந்த வெளிச்சம் வருகுதில்லை.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்து அந்தச் சிக்கன மண்ணெண்ணெய் விளக்கு மேசையில், முகத்துக்குக் கீழே இருந்தது. அதனால் மூக்கின் நிழல் மேலே ஏறும், புருவத்தின் அடி வெளிச்சமாகி அதன் மேல்புறம் இருளும், நாடியின் அடி பிரகாசிக்கும். பலர் வழக்கம்போல் மேலிருந்து வெளிச்சம் போட்டு நிறத்தை மட்டும் மஞ்சளாக்குகிறார்கள், அதனால்தான் வருவதில்லை. சுடரிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். கொப்பி பளிச்சென்றும், முகம் மங்கியும், பின்சுவர் கிட்டத்தட்ட இல்லாமலும் இருக்கவேண்டும்.

முழுக் கன்வஸையும் பேர்ண்ட் அம்பரில் மெல்லியதாக மூடி, காயுமுன் துணியால் துடைத்து வெளிச்சத்தை எடுங்கள். இந்தப் படத்தில் இருவரையும் நெருக்கமாக வைப்பதற்குக் காரணம் தேடவேண்டாம். ஒரு விளக்கைச் சுற்றி அப்படித்தான் இருந்தார்கள்.

முகத்தை வெறுமையா விட்டா இழப்பைக் காட்டுமெல்லோ?

ஒரு காலத்தில் காட்டியிருக்கலாம். இப்போது அது எல்லாரும் எடுக்கும் குறுக்குவழி. முகமில்லாத உருவம் யாராகவும் இருக்கலாம்; உங்கள் சிநேகிதர் ஒரேயொருவர். முகம் வராவிட்டால் முதுகுப்பக்கமோ, பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு திரும்பியபடியோ கீறுங்கள். பிடரியும் காதும் ஒருவரை வியக்கத்தக்க அளவு சொல்லும். மங்கலாக விடுவதானாலும் ஏதாவது ஒன்றை, கையை, கொலரை, செருப்பு வாரை, துல்லியமாக முடித்திருக்கவேண்டும். அப்போதுதான் மங்கல் வேண்டுமென்று விட்டதாகத் தெரியும்.

சண்டைபிடிச்சுப் பிரிஞ்ச ஆள். உயிரோட இஞ்சதான் இருக்கிறா. கீறலாமோ?

கீறலாம், காட்சிக்கு வைக்குமுன் ஒருமுறை யோசிக்கவேண்டும். 1868–69 அளவில் பிரெஞ்சு ஓவியர் டெகா தன் ஓவியச் சிநேகிதர் மனேயையும் அவர் மனைவியையும் கீறிக் கொடுத்தார். மனைவியின் முகம் பிடிக்காமல் மனே அந்தப் பகுதியையே வெட்டிவிட்டார். டெகா படத்தைத் திருப்பி எடுத்துப்போனார். வெட்டுண்டபடியே அது இன்று ஜப்பானின் கிற்றாகியூஷு நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிநேகிதராக இருக்கும்போதே அப்படியென்றால், பிரிந்தபின் ஒருவரை அவலட்சணமாகவோ குற்றவாளியாகவோ காட்டுவது என்ன செய்யுமென்று சொல்லத்தேவையில்லை.

படத்தில் உங்களையும் போடுங்கள், உங்கள் பங்கையும் சேர்த்து. பிக்காசோ 1903இல் கீறிய ‘லா வீ’ என்ற பெரிய படத்தின் ஆரம்ப வரைபுகளில் ஆணின் முகம் அவருடையது. முடிவில் அதைக் காசகேமாஸின் முகமாக மாற்றினார். இரண்டு முகங்களையும் இடம்மாற்றிப் பார்ப்பது, யார் யாரை விட்டுப்போனார் என்பதில் நீங்கள் எவ்வளவு நேர்மையாக இருக்கிறீர்கள் என்பதைக் காட்டும்.

காணாமல் போனவன்ர படம். வீட்டுக்காரரிட்டக் கேக்கவேணுமோ? என்ன உடுப்பில கீறுறது?

கட்டாயம் கேட்கவேண்டும். 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் போராட்டத்தில் இருந்த தாய்மார் கைகளில் காணாமல்போன பிள்ளைகளின் படங்கள் இருந்தன. அந்தப் படம் அவர்களுக்கு ஆதாரம். இரவல் கேட்காதீர்கள், அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் கண்முன்னே படம்பிடித்துக்கொள்ளுங்கள். மாலை, குத்துவிளக்கு, இறந்த திகதி ஒன்றும் வேண்டாம். பிள்ளை இறந்துவிட்டது என்று அந்தத் தாய் சொல்லாதவரை தூரிகை அதைச் சொல்லக்கூடாது.

இயக்கத்துக்குப் போனவரானாலும் உங்களுக்கு அவர் சிநேகிதராக இருந்தபோது உடுத்தியதைக் கீறுங்கள். தடைசெய்யப்பட்ட அமைப்பின் சீருடையும் சின்னமும் சட்டச் சிக்கலை உங்களோடு நிறுத்தாமல் அந்த வீட்டுக்கும் கொண்டுபோகும். ஓவியத்துக்கும் அது நல்லதில்லை. சீருடை வந்தால் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

தொண்ணூறில போன முஸ்லிம் சிநேகிதி. அவவைக் கீறினா வீட்டில ஏதும் நினைப்பினமோ?

1990 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். பலர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். படத்தில் அவர் தானாகப் புறப்பட்டதுபோல், பெட்டியோடு கையசைத்துப் போவதாகக் கீறுவது உண்மையை மறைப்பதாகும். சோனகதெருவில் அவர் வாழ்ந்த நாளைக் கீறுங்கள்.

சில குடும்பங்கள் உருவப்படத்தையே விரும்பமாட்டா, சில ஆட்சேபிக்கமாட்டா. அவரைத் தேடி, நேரே கேளுங்கள். வேண்டாமென்றால் இருவரும் இருந்த திண்ணை, படித்த மேசை, அவருடைய கதிரை, பக்கத்தில் நீங்கள் மட்டும் என்று அமைக்கலாம். முதல் கேள்வியில் சொன்ன தலை அளவை இங்கேயும் பாவித்து, அவர் இருந்திருக்கக்கூடிய தூரத்தை அப்படியே விடுங்கள்.

பாதியில நிக்குது. கைவைக்க மனமில்லை.

முகத்தை அப்படியே விட்டுவிட்டு நிலம், சுவர், சேட் மடிப்பு என்று மற்ற இடங்களில் வேலை செய்யுங்கள். அதுவும் முடியாவிட்டால் நிறுத்துங்கள். ஒயிலைப் பொறுத்தவரை மாதக்கணக்கில் விட்டுத் தொடங்குவதில் பழுதில்லை. மினுக்கம் போன இடத்தில் மெல்லியதாக எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மேலே பூசலாம். நித்திரை குழம்பும் அளவுக்குப் பழையவை எழும்பினால் படத்தைத் தனியே வைத்துப் போராடாமல் நம்பிக்கையான ஒருவரிடமோ உளவள ஆலோசகரிடமோ பேசுங்கள்.

மாரிக்குப் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்குது.

ஒக்ரோபர் முதல் டிசம்பர்வரை சுவரோடு சாத்தி வைக்காதீர்கள். தொங்கவிடும்போது பின்னால் தக்கைத் துண்டுகள் ஒட்டி அரை அங்குலம் காற்றோட்டம் விடுங்கள். பொலித்தீனால் இறுகச் சுற்றுவது ஈரத்தை உள்ளே அடைப்பதுதான். பிடித்துவிட்டால் முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்து, உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிடுங்கள், ஈரத்துணி வேண்டாம். நிலத்தில் வைத்தால் கறையான் சட்டத்தில் தொடங்கும்.

ரொறன்ரோவுக்கு அவனுக்கே அனுப்பப்போறன். சுருட்டி அனுப்பலாமோ?

குறைந்தது ஆறு மாதம் காய்ந்திருந்தால் அனுப்பலாம். வார்னிஷும் அதற்குப் பிறகுதான். தடித்த பூச்சென்றால் ஒரு வருடம் பொறுங்கள். சட்டத்திலிருந்து கழற்றி, பெயின்ற் உள்ள பக்கம் வெளியே வரும்படி சுருட்டுங்கள். உள்ளே வைத்தால் பெயின்ற் நெரிபட்டு மடியும். குழாய் 15 சென்ரிமீற்றர் விட்டமாவது இருக்கவேண்டும். முகப்பில் கேக் சுடும் பேக்கிங் பேப்பர் விரியுங்கள், பத்திரிகைத்தாள் மை பிடிக்கும். போய்ச் சேர்ந்ததும் உடனே விரித்து, சட்டத்தில் அடிக்கச் சொல்லிவிடுங்கள். சட்டத்தின் உள்ளளவை ஒரு தாளில் எழுதிக் குழாய்க்குள் போட்டால் அவர் அங்கேயே செய்விக்கலாம்.